மாஸ்டர்களே, மேசைக்குப் பின்னால் இருக்கும் அந்த அலமாரியைப் பற்றி

தமிழ்நாட்டில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே பயிற்சி கொடுக்கிற மாஸ்டர்களுக்கும், திருப்பூரிலிருந்து ஒரு சக மாஸ்டர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில், நான்கு டம்பெல், இரண்டு கர்லாக்கட்டை, சிமெண்ட் ஊற்றிச் செய்த பளு இவற்றோடு தொடங்கியவன். இன்று என் கூடத்தில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது, ஓடும் இயந்திரம் இருக்கிறது. போன பங்குனி வரை, வருகைப் பதிவேடு வைக்கும் மேசைக்குப் பின்னால் விளக்கு போட்ட ஓர் அலமாரியும் இருந்தது. அதில் உடம்பை ஏற்றும் என்று சொல்லி விற்கும் புரதத்தூள் முதலானவை, கறுப்பு, சிவப்பு, தங்க நிற டப்பாக்களில் நின்றன. அந்த அலமாரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஒரு பையன். பெயர் வேண்டாம். வயது 19, எடை 58 கிலோ. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரவு ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக என் கூடத்துக்கு வருவான். விரல் நுனிகளில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். சேர்ந்த மூன்றாம் வாரம் அந்த அலமாரியைக் காட்டிக் கேட்டான்: “மாஸ்டர், இது எடுத்தால் உடம்பு ஏறுமா?” நான் “ஏறும்” என்றேன். ஒரே சொல். 3,200 ரூபாய் டப்பா. அவனுடைய ஒரு வாரக் கூலியைவிட அதிகம். இரண்டு தவணையில் கட்டினான். அதில் 600 ரூபாய் என் பைக்கு வந்தது. அடுத்த மாதமும் வாங்கினான், அதற்கடுத்த மாதமும் வாங்கினான்.

ஐந்தாவது மாதம் எடை பார்க்கச் சட்டையைக் கழற்றினான். முதுகு முழுவதும் சிவந்து பழுத்த பருக்கள். இடுப்புக்குக் கீழே, ஊசி குத்திக் கன்றிப்போன நீலத் தடம். எங்கே போட்டாய், யார் போட்டார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, அவன் சொன்னது இதுதான்: “டப்பா வேலை செய்யவில்லை மாஸ்டர். எல்லோருக்கும் ஏறுகிறது, எனக்கு ஏறவில்லை என்றால் குறை என் உடம்பில்தான் என்று நினைத்தேன்.”

மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த வயதில் அவனுடைய இரத்த அழுத்தம் 150-ஐத் தாண்டியிருந்தது. ஊசியை நிறுத்தி, மருந்து எடுத்து, தேறி, ஏழு மாதம் கழித்துத்தான் மறுபடி இரும்பைத் தொட்டான். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அவன் சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை. ஊசி போட்டவன் வேறு யாரோ. ஊசிக்குப் போகும் வழியைக் காட்டியவன் நான். “ஏறும்” என்று நான் சொன்னேன். ஏறாதபோது அந்தப் பிள்ளை டப்பாவையும் சந்தேகப்படவில்லை, என்னையும் சந்தேகப்படவில்லை, தன்னையே சந்தேகப்பட்டான். இதைத்தான் இந்த மடலில் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

அந்த டப்பாக்களை ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். மண்டை ஓடு, கொம்பு முளைத்த காளை, சங்கிலியை அறுக்கும் கை, வெடிக்கும் குண்டு. பால் சம்பந்தப்பட்ட ஒரு பொருளின் மேல் எதற்கு மண்டை ஓடு? உள்ளே இருப்பது மோரின் தங்கை. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற நீர். வீட்டில் பனீர் செய்கிறவர்கள் வடிகட்டிக் கீழே ஊற்றுகிறார்களே, அதைப் போன்ற தண்ணீர். பத்து லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு கிலோ கட்டி கிடைக்கும், மீதி ஒன்பது பங்கு இந்த நீர்தான். மேலை நாட்டுப் பாலாடைக்கட்டி ஆலைகள் நீண்ட காலம் இதைப் பன்றிகளுக்கு ஊற்றின, ஆற்றில் விட்டன. சவ்வுகளின் வழியே வடிகட்டிப் புரதத்தைப் பிரித்தெடுக்கும் நுட்பம் வந்த பிறகு அதைத் தூளாக்கினார்கள். நல்ல புரதம்தான், எளிதில் செரிக்கும், உடம்பில் சேரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பால் பொருளாக விற்றால் பால் பொருளின் விலைதான் கிடைக்கும். ஆண்மையாக விற்றால் என்ன விலையும் கேட்கலாம்.

இந்த வியாபாரம் நேற்று முளைத்ததில்லை. நம் ஊரில் பலசாலியைச் ‘சாண்டோ’ என்கிறோம். சாண்டோ சின்னப்பா தேவரின் பெயர் முன்னால் நிற்கும் சொல் அதுதான். கையில்லாத பனியனுக்கும் அதே பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் யூஜின் சாண்டோ, 1867-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1904, 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து மேடையேறினார். ஊர் ஊராகத் தன் உடம்பைக் காட்டினார். கூடவே டம்பெல் விற்றார். பின்னாளில், முதல் உலகப் போருக்கு முன், தன் பெயரில் உடல்நலக் கோக்கோத் தூளும் விற்றார். யோசித்துப் பாருங்கள், அந்தத் தோளும் மார்பும் கோக்கோவுக்கு முன்பே இருந்தவை. உடம்பு முதலில் வந்தது, தூள் பிறகு வந்தது. விளம்பரம் பார்த்தவர்கள் வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள்.

அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் வந்தார். படக்கதைப் புத்தகங்களின் பின்னட்டையில் அவருடைய விளம்பரம்: கடற்கரையில் ஒல்லிப் பையன் முகத்தில் ஒரு முரடன் மணலை எத்துகிறான்; பக்கத்தில் இருக்கும் பெண்ணும் அவனை மதிக்கவில்லை; அவன் அட்லஸின் அஞ்சல்வழிப் பயிற்சியை வரவழைத்து, உடம்பை ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்து முரடனை அடிக்கிறான். அட்லஸ் விற்றது பவுடர் இல்லை, பயிற்சி. ஆனாலும் அந்த அச்சு இன்றுவரை உடையவில்லை: முதலில் ஒருவனை அவமானப்படுத்து, பிறகு அவமானத்துக்கு மருந்து விற்று விடு. கைப்பேசியில் வரும் முப்பது விநாடிப் படங்களில் நீங்கள் பார்ப்பது அதே கடற்கரை, அதே மணல்.

அடுத்து ஜோ வீடர். தானே பத்திரிகை நடத்தினார், அதில் ஆணழகன்களின் படங்களைப் போட்டார், பக்கத்திலேயே தன் நிறுவனத்தின் டப்பாக்களுக்கு விளம்பரமும் போட்டார். தசையை வேகமாக ஏற்றும் ஹார்மோன் மருந்தான ஸ்டீராய்டுக்கு மாற்று என்று சொல்லி விற்ற இரண்டு பொருள்கள் தொடர்பாக, 1985-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்தோடு உடன்பாட்டுக்கு வந்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர அவருடைய நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் 1994-இல் அதே நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி இந்தப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருமுன், அவை பலன் தரும் என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு திறந்த மடையில் வந்த வெள்ளம்தான் இன்று நம் அலமாரி வரை வந்திருக்கிறது.

இனி டப்பாவின் பின்பக்கத்துக்கு வருவோம். முன்பக்கத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பின்பக்கத்தை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? நான் 14 ஆண்டுகள் விற்றுவிட்டு, அந்தப் பையனின் சம்பவத்துக்குப் பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ‘வெயிட் கெயினர்’ மூட்டையை எடுத்தேன். நம் ஒல்லிப் பிள்ளைகள் அதிகம் வாங்குவது இதைத்தான். நூறு கிராமில் புரதம் 15 கிராம். மாவுச்சத்து 78 கிராம். அந்த மாவுச்சத்தின் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவைச் சிதைத்து எடுக்கும் தூள். சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறதே, அந்தக் கிழங்கின் மாவுக்குச் சொந்தக்காரப் பொருள். கொஞ்சம் சர்க்கரையும் சாக்லேட் மணமும் சேர்த்து, கொம்பு முளைத்த காளையின் படம் ஒட்டி, கிலோ எழுநூறு, எண்ணூறு என்று விற்றிருக்கிறேன். எடை ஏறியதா என்றால் ஏறியது. இரண்டு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டிருந்தாலும் ஏறியிருக்கும்.

பிறகு புரோட்டீன் டப்பா. ஒரு கரண்டியில் 24 கிராம் என்று எழுதியிருக்கிறது. அந்த 24-ஐ எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் மது ஆலையின் ஆய்வகத்தில் இருந்த ஜோஹான் கெல்டால் 1883-இல் கண்டுபிடித்த முறையில், பொருளில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்த்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதத்தின் அளவைச் சொல்கிறார்கள். பாலுக்குப் பெருக்கும் எண் சற்று மாறும். முறையில் தவறில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு நைட்ரஜன்தான் தெரியும். அது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. கிளைசின், டாரின் போன்ற மலிவான தூள்களைக் கலந்தாலும் நைட்ரஜன் ஏறும், தாளில் புரதம் ஏறியதாகக் காட்டும். 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தது இதே தந்திரம்தான். ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பால்மாவில் நடந்ததும் புரதத்தூளில் நடப்பதும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றும் வழி ஒன்று என்கிறேன்.

இது எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2024-இல் கேரள மருத்துவர் ஒருவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதத்தூள்களை வாங்கிப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் டப்பாவில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருந்தது. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லியின் எச்சம். கடலையில் பூஞ்சை பிடித்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துத் தூக்கி எறிகிற நாம், சாக்லேட் மணத்துக்கு அடியில் இருப்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று சொல்லி, ‘டெஸ்டோ பூஸ்டர்’ என்று ஒரு குப்பி வருகிறது. எனக்குக் கோபம் வந்தது இதைப் படித்தபோதுதான். அதில் முதலில் எழுதியிருக்கும் மூலப்பொருள் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். ஏதோ கடல் கடந்து வந்த அபூர்வ மூலிகை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். மாஸ்டர்களே, அது நெருஞ்சி. நம் வரப்பில் காலைக் குத்தும், சைக்கிள் டயரைப் பஞ்சராக்கும், ஆடு மேய்க்கப் போனவர்கள் பாதத்திலிருந்து பிடுங்கி எறியும் அதே நெருஞ்சி முள். சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்குக் கொடுப்பார்கள். அது வேறு கதை, அந்த மரியாதை அதற்கு உண்டு. ஆனால் பல்கேரியாவின் பளுதூக்கும் வீரர்கள் இதைத் தின்றுதான் பதக்கம் வாங்கினார்கள் என்று சொல்லி விற்றார்கள். அந்தப் பல்கேரிய அணி 1988 சியோல் ஒலிம்பிக்கில் என்ன ஆனது? இரண்டு பேரின் தங்கப் பதக்கம் பறிக்கப்பட்டது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து அவர்கள் உடம்பில் இருந்தது. அணியே பாதியில் ஊர் திரும்பியது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் நெருஞ்சிச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு வலுவும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. வரப்பில் சும்மா கிடப்பதை ஒரு குப்பி 1,500 ரூபாய்க்கு, “நீ ஆண்தானா?” என்ற கேள்வியைச் சேர்த்து நாம் விற்றிருக்கிறோம்.

எல்லாமே பொய்யா என்று நீங்கள் கேட்பது நியாயம். இல்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஓரளவு வேலை செய்கிறது; நாளுக்கு 3 முதல் 5 கிராம், கூடவே ஒழுங்கான பயிற்சி என்றால் வலு கொஞ்சம் கூடும். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அலமாரியிலேயே மிகவும் மலிவான பொருளும் அதுதான். அதனால்தான் அதைப் பற்றி எந்தக் கம்பெனிப் பிரதிநிதியும் நம்மிடம் நீட்டிப் பேசுவதில்லை, அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள வேறு வடிவத்தைக் காட்டுகிறார். புரதத்தின் மூன்று அமினோ அமிலங்களை மட்டும் பிரித்து, பி.சி.ஏ.ஏ. என்று வண்ணத் தண்ணீராகக் கலக்கிக் குடிப்பது, உணவில் போதிய புரதம் இருக்கிறவனுக்குக் கூடுதலாக எதுவும் தராது. பயிற்சிக்கு முன் குடிக்கும் தூளில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின். காபி குடித்தால் அது கிடைக்கும்.

புரதம் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரணமாக ஓர் ஆளுக்குச் சொல்வது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதத்தூள் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. பளு தூக்குகிறவனுக்குக் கூடுதல் வேண்டும் என்பதும் உண்மை. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் தெரியவில்லை என்றது. அந்த உச்ச அளவையே எடுத்துக்கொள்வோம். 58 கிலோப் பையனுக்கு 93 கிராம்.

அவனை என் மேசைக்கு எதிரில் உட்கார வைத்து, ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். நாமக்கல் முட்டை நான்கு: 24 கிராம். பால் அரை லிட்டர்: 16. வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, 50 கிராம்: 12. மீல் மேக்கர் 50 கிராம், குழம்பில் போட்டது: 26. மொத்தம் 78. மீதி 15 கிராம் அவன் அன்றாடம் சாப்பிடும் சோறு, இட்லி, சாம்பாரிலேயே வந்துவிடும். செலவு எழுபது ரூபாய்க்குப் பக்கம். டப்பாவில் 24 கிராம் புரதத்துக்கு அவன் கொடுத்தது நூறு ரூபாய்க்கு மேல். அதே 24 கிராம் நான்கு முட்டையில் முப்பது ரூபாய்க்குள் முடிந்தது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான், “இதை அன்றைக்கே ஏன் மாஸ்டர் சொல்லவில்லை?” என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அசைவமே தொடாத வீடு, முட்டை சேராத உடம்பு, வேளைக்குச் சாப்பிட முடியாத வேலை இப்படிச் சிலருக்குத் தூள் வசதியாக இருக்கலாம். வாங்கட்டும். கடையில் வாங்கட்டும், விலையை ஒப்பிட்டு வாங்கட்டும். தன் உடம்பைத் திருத்த நம்மிடம் ஒப்படைத்தவனுக்கு நாமே விற்பவராகவும் இருக்கும்போது, நம் வாயிலிருந்து வரும் “ஏறும்” என்ற சொல்லுக்கு வேறு எடை வந்துவிடுகிறது. அவனுக்கு அது வாத்தியார் சொல்.

ஊசியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் நான் கோழை. அனபாலிக் ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். நம் சட்டத்தில் எச் அட்டவணையில் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுத்தபோது விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்குவதற்காக மருத்துவமனையில் போடும் மெஃபென்டர்மின் ஊசியும் ஜிம்களைச் சுற்றிப் பிடிபடும் செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். யார் எங்கே விற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை.

ஸ்டீராய்டு வேலை செய்யாது என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். வேலை செய்கிறது, ஆபத்தே அதுதான். 1996-இல் அமெரிக்காவில் ஷாலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் குழு 43 ஆண்களிடம் பத்து வாரம் ஓர் ஆய்வு செய்தது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு, பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பளு தூக்கியவர்களுக்குக் கூடியது ஏறத்தாழ 2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. நம் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பவன் எந்த வரிசையில் நின்று அந்தத் தோளை வாங்கினான் என்று தெரியாமல், அதைக் காட்டி, “டப்பா எடு, இப்படி ஆகலாம்” என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘லிவர் கிங்’ என்ற பெயரில் பச்சை ஈரலைக் கடித்துக் காட்டிய அமெரிக்கர் பிரையன் ஜான்சனை உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆதி மனிதனைப் போல வாழ்ந்தால் இந்த உடம்பு வரும் என்றார். ஈரல் மாத்திரைகள் விற்றார். ஸ்டீராய்டு தொட்டதே இல்லை என்று சாதித்தார். 2022 நவம்பர் இறுதியில், மாதம் 11,000 டாலருக்கு மேல் ஊசிக்கும் மருந்துக்கும் செலவழித்த விவரம் அவருடைய மின்னஞ்சல்கள் வழியே வெளியானது. பொய் சொன்னேன் என்று காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அவரை நம்பிப் பச்சை ஈரல் தின்ற பையன்களிடம் போய் யார் சொல்வது, உங்கள் உடம்பில் குறையில்லை என்று?

ஆண்மை என்று சொல்லி விற்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், இனி நான் சுரக்க வேண்டியதில்லை என்று உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைந்து, பலருக்கு இல்லாமலே போகிறது. இதே ஹார்மோனை வாரம் 200 மில்லிகிராம் போட்டு, ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகப் பயன்படுமா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவர்களுக்கு விந்தணு அறவே அற்றுப்போனது. நம் பிள்ளைகள் போட்டுக்கொள்வது அந்த அளவைவிடப் பல மடங்கு. கல்யாணமாகி இரண்டு ஆண்டு கழித்து, குழந்தை இல்லை என்று மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒருவனை எனக்குத் தெரியும். என் பழைய மாணவன். ஊசியைப் பற்றி வீட்டில் அவன் வாய் திறக்கவே இல்லை. ஒரு பெண்ணின் மேல் அந்தப் பழி விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் வந்து சொல்லி அழுத பிறகு, நான்தான் அவனை மருத்துவரிடம் அனுப்பினேன்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தவறான லேபிளுக்கு மூன்று லட்சம் வரை. அது ஏட்டில் இருக்கிறது. கடை கடையாக மாதிரி எடுத்துச் சோதிக்க ஆட்கள் வேண்டும், அதைக் கேட்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் பையனுக்கும் டப்பாவுக்கும் நடுவில் நிற்பது அதிகாரி இல்லை. நாம்தான் நிற்கிறோம். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

கமிஷனை விடுங்கள். எளிதில்லை என்று தெரியும். கரண்ட் பில்லும் இடத்து வாடகையும் ஏறுகிற வேகத்தில் மாதச் சந்தாவை ஏற்ற முடிவதில்லை. என் கூடத்தில் அந்த அலமாரியிலிருந்து மாதம் பதினைந்தாயிரம் வந்துகொண்டிருந்தது. அது போன பிறகு சந்தாவில் நூறு ரூபாய் கூட்டினேன். கூட்டுவதற்கு முன் ஏன் கூட்டுகிறேன் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். ஏழு பேர் விலகினார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு எந்தத் தூளும் உங்கள் கையால் போக வேண்டாம். புதிதாகச் சேர்கிறவனிடம் முதல் நாளே அவன் காலை முதல் இரவு வரை என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டு எழுதுங்கள். எவ்வளவு நேரம் தூங்குகிறான் என்றும் கேளுங்கள். இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வரும் பிள்ளைக்கு எந்த டப்பாவும் தசை வளர்க்காது என்பது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது. ஊசி விற்கிறவன் உங்கள் வாசலில் நின்றால் விரட்டுவதோடு விடாமல் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். போட்டிக்குப் போகிற உங்கள் பிள்ளை மருந்து எடுத்திருந்தால், அவன் உடம்பைக் காட்டி உங்கள் கூடத்துக்கு ஆள் சேர்க்காதீர்கள்.

பிறகு, நம் வாய். “பொம்பளை மாதிரித் தூக்குகிறாய்” என்று நம்மில் பலரும் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், ஊக்கம் கொடுப்பதாக நினைத்து. அட்லஸின் விளம்பரத்தில் முரடன் எத்திய மணல் அதுதான். என் கூடத்தில் காலை பத்து மணி வகுப்பில் பெண்கள் பஸ்கி போடுகிறார்கள். மூன்று பிள்ளை பெற்ற 41 வயது டெய்லர் அக்கா ஒருவர் தோளில் 60 கிலோ வைத்து உட்கார்ந்து எழுகிறார். அவர் முன்னால் அந்த வாக்கியம் இனி என் நாக்கில் வராது.

மனோகர் ஐச்சை நினைத்துக்கொள்வேன். வங்காளத்துக்காரர், உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தபோது ஓர் அதிகாரியை அறைந்து சிறைக்குப் போனவர். உடம்பை வளர்த்தது பெரும்பாலும் அந்தச் சிறையில்தான். 1952-இல் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தன் உயரப் பிரிவில் பட்டம் வாங்கினார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என்று சாப்பிட்டு, 2016-இல் நூறு வயதைத் தாண்டி இறந்தார். அவர் படத்தைப் பெரிதாக அச்சடித்து, அலமாரி இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன். பையன்கள் முதலில், “இந்தத் தாத்தா யார் மாஸ்டர்?” என்றார்கள். இப்போது அதற்குக் கீழே நின்று தண்டால் எடுக்கிறார்கள்.

மிச்சமிருந்த பதினொரு டப்பாக்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அந்தப் பிரதிநிதி என்னிடம் சண்டை போடவில்லை. நல்ல மனிதர், அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. பெட்டியில் அடுக்கிக்கொண்டே, “நீங்கள் இல்லையென்றால் இந்தத் தெருவில் இன்னும் நான்கு ஜிம் இருக்கிறது மாஸ்டர்” என்றார். வாரத் தொடக்கத்தில் அவர் உங்களிடம் வருவார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன், ஒரே ஒரு டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தை அவரோடு உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிடுங்கள். நெருஞ்சி எந்த வரியில் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
திருப்பூர்